அவரைக்கொடி சுற்றிய கம்பம்

வெள்ளம் புற்றுக்குள் புகுந்ததும் கட்டெறும்பு ஒருத்தி தன் கடைசி முட்டையை இடுக்கிக்கொண்டு பந்தலின் இரும்புக் கம்பத்தில் ஏறினாள். உச்சியில் இருந்த கீற்றை மட்டும்தான் வெள்ளம் எட்டாது. கம்பம் மழையில் வழுக்கியதால், அதைச் சுற்றிச் சுற்றி மேலே படர்ந்திருந்த அவரைக்கொடிதான் அவளுக்குப் பாதை.

கீற்றிலிருந்து நேர்கீழே குனிந்து பார்த்த காகம் சிரித்தது. "என்னம்மா, செக்குமாடா நீ? அதே வட்டத்துலயே சுத்துற!"

"ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன், அண்ணே."

"எங்க ஏறுற? தவளையைக் கேளு."

தண்ணீரில் மிதந்த தவளை பக்கவாட்டிலிருந்து பார்த்தது. "வட்டமெல்லாம் இல்லை. இடப்பக்கம் போற, வலப்பக்கம் வர்ற. மத்தபடி எனக்கு மேல அதே உயரத்துலயேதான் இருக்க." தண்ணீரோடு தானும் உயர்ந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

இருவரும் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். எறும்புக்கோ முன்னால் ஓர் இலையும் பின்னால் ஓர் இலையும்தான் தெரிந்தன. தன் கால்களை நம்புவதா, அவர்கள் கண்களை நம்புவதா என்று தயங்கினாள். கீற்றுக்கு இன்னும் ஒரு சுற்றுதான் பாக்கி.

"அப்ப எப்படித்தான் போறது?"

"நேரா போயேன். கம்பம் நேராத்தானே நிக்குது?" என்றது காகம்.

அவள் வெட்கத்தோடு கொடியை விட்டுக் கம்பத்தில் கால் வைத்தாள். கொஞ்ச தூரம் ஏறினாள். பிறகு வழுக்கியது. முட்டையை விடாமல் வெள்ளத்தை நோக்கி நேர்கீழே விழுந்தாள்.

மேலிருந்து பார்த்த காகத்துக்கு அவள் நகராத ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தாள்.

"இப்பத்தான் சுத்தாம ஒரு இடத்துல நிக்குறா," என்றது.