அறுபத்திரண்டு டிகிரி

'ஸ்பீடு' தன் கணினியைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். இரண்டு நாள் ஊரில் இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது, பெட்டியும் அணைந்து கிடந்தது.

தன் கையால் ஒவ்வொரு பாகமாகக் கோத்த பெட்டி. கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த வேகத்திலேயே பிராசஸரை ஓட்டுவதா? அதுக்கு வேற ஆளைப் பாருங்க. மாதாமாதம் மின்சாரத்தைக் கொஞ்சம் ஏற்றுவான், வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவான். கூட்டாளிகள் 'ஸ்பீடு' என்று பட்டப்பெயரைச் சும்மாவா வைத்தார்கள்?

இப்படி முறுக்கினால் ஆயுசு குறைந்துபோகும் என்று அவர்கள் பயமுறுத்தும்போதெல்லாம் திரையோரத்தில் பிராசஸரின் சூட்டைச் சொல்லும் எண்ணைக் காட்டுவான். அறுபத்திரண்டு டிகிரி. போன மாதம் கூட்டியபோதும் அறுபத்திரண்டு. கொளுத்தும் கோடையிலும் அறுபத்திரண்டு. அடேயப்பா, என்ன சமத்து!

அந்த எண்ணை நம்பித்தான் மனைவியின் வேலையையும் இதிலேயே ஏற்றினான். அவள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுபவள். ஒரு பள்ளிக்கூடத்துக்காக எட்டு மாதம் வரைந்ததை இன்று மதியம் ஒப்படைக்க வேண்டும். வேறெங்காவது ஒரு நகல் வைக்கிறேன் என்றவளை, என் மேல நம்பிக்கை இல்லையா என்று கேட்டு வாயை அடைத்தவனும் இவன்தான். படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கை, சூடு படும்படி பிராசஸரை ஒட்டியே செருகியிருந்தான்.

அவள் பென் டிரைவோடு வந்தாள். குனிந்து செருகியவள் பெட்டியின் மேல் கையை ஊன்றி, சட்டென்று எடுத்தாள்.

"என்னங்க, இப்படி ஜில்லுனு இருக்கு!"

ரெண்டு நாள் அணைஞ்சு கிடந்தா அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கண் திரையோரத்துக்குப் போய்விட்டது.

அறுபத்திரண்டு.

போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜில்லென்ற பெட்டிக்கு அறுபத்திரண்டா? அந்த எண் எப்போதோ உறைந்து நின்றுபோயிருக்கிறது. அப்படியானால் இத்தனை மாதமும் உள்ளே எத்தனை டிகிரியில் வெந்துகொண்டிருந்தது?

அவள் படங்களை இழுத்து பென் டிரைவில் விட்டாள். நகல் எவ்வளவு ஆயிற்று என்று திரையில் காட்டும் கோடு முப்பத்தொரு சதவீதம் வரை ஓடி நின்றது. ஃபேன் இரைந்தது. லேசாகக் கருகல் வாடை வந்தது.

"நின்னா என்ன, நீங்க பார்த்துக்க மாட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு, அவள் புடவை மாற்றப் போனாள்.

அவன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை. அறுபத்திரண்டும் அசையவில்லை.