பனையோலை மூடிய கிடங்கு

“கொள்ளைக்காரரின்ரை பெட்டி கிடைக்கிற அண்டைக்கு, நாள் முழுக்க உம்மோடை இருப்பன்,” என்றார் பரமலிங்கம், மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி.

“ஓம், ஓம். அப்ப எனக்குப் பல்லும் இராது,” என்றாள் அவர் மனைவி கேதீஸ்வரி.

அது பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு. கடற்கொள்ளைக்காரர் அவர்களின் ஊரான சுருவிலில் புதைத்ததாகச் சொல்லப்பட்ட பெட்டியைத் தேடி, அவர் தங்கள் வீட்டு வளவில் தினமும் ஒரு கிடங்கு வெட்டுவார். ஆடு விழாமல் அதைக் காய்ந்த பனையோலையால் மூடிவிட்டுச் சாப்பிட வருவார். சாப்பிட்டதும் போய்விடுவார். கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிக் கேட்க நினைப்பாள் அவள். ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. கிடங்குகள் நிற்கவில்லை. அவள் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது புதிதாக ஒன்று இருக்கும், ஓலையால் மூடியபடி. மண்வெட்டியோ அலுமாரிக்குள் பூட்டியே இருக்கும். அவளுக்குப் பயமில்லை. பின்னேரம் மண்ணைத் தள்ளி நிரவிவிடுவாள்.

இன்றைக்கு ஓலையைத் தூக்கியபோது, அடியில் துருப்பிடித்த இரும்புப் பெட்டி ஒன்று கிடந்தது. பூட்டு அப்படியே இருந்தது. கிடங்கிலிருந்து ஈரமண் காலடிகள் குசினிக்குள் போயிருந்தன. திரும்பி வந்த அடையாளம் இல்லை.

கேதீஸ்வரி பெட்டியைத் தொடவில்லை. உள்ளே போனாள். அவர் உட்காரும் கதிரை மேசையிலிருந்து சற்று இழுபட்டிருந்தது. இரண்டு தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை அதன் முன்னால் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தாள்.

“இனிப் போகாதேங்கோ,” என்றாள். “கொஞ்ச நேரம் என்னோடை இருங்கோ.”