மாற்றிப் போட்ட ஹெட்

“ஐயையோ, இது நம்ம வண்டி ஹெட்டே இல்ல!”

பானட்டைத் திறந்த மாப்பிள்ளைக்குப் பகீரென்றது.

அந்தப் பழைய கார் மாமனாருக்கு மூத்த பிள்ளை மாதிரி. அந்தக் காலத்தில் கம்பெனி ஒரே உருவத்தில் சின்ன இன்ஜின், பெரிய இன்ஜின் என்று இரண்டு விதமாக வண்டி விட்டிருந்தது. மாமனாருடையது பெரியது. இன்ஜினைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்று வந்தபோது, “எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கார் மாமா, தைரியமா விடலாம்” என்று சேர்த்துவிட்டதே மாப்பிள்ளைதான்.

இப்போது இன்ஜினை மேலே மூடியிருக்கும் அந்த ஹெட்டில், வார்ப்பிலேயே பதிந்திருக்கும் எண் சின்ன இன்ஜினுடையது!

யானைக்கு ஆட்டுக்குட்டியின் மூக்கை ஒட்டவைத்த கதை. மாமாவுக்குத் தெரிந்தால் தன் மானம் என்ன ஆகும்?

யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்தார்.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மூன்று பேர் வண்டியோடு காத்திருந்தார்கள். மாப்பிள்ளை அதையெல்லாம் பார்க்கவில்லை.

“எங்க மாமா வண்டி ஹெட்டை யாருக்கு வித்தீங்க?”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். “உள்ள வாங்க தம்பி, பேசலாம்.”

“எதுக்கு உள்ள? நாலு பேருக்குத் தெரியட்டும். நம்பி விட்ட இடத்துல கழுத்தை அறுத்துட்டீங்களே!”

மெக்கானிக் உள் அறைக்கு நடந்தார். மாப்பிள்ளையும் விடாமல் பின்னாலேயே போனார்.

அலமாரியின் அடித்தட்டில், ஆயில் தடவி, துணி சுற்றி, பத்திரமாக இருந்தது பெரிய ஹெட்.

“விக்கல தம்பி. உங்க அத்தை எப்பக் கேட்டாலும் மறுபடி மாட்டிக் கொடுக்கத்தான் வெச்சிருக்கேன்.”

“அத்தையா?”

“தனியா வந்தாங்க. ‘எங்க வீட்டுக்காரர் ரோட்டுல பறக்கறாரு. போன மாசம் ஒரு லாரிக்கடியில போகப் பார்த்தோம். சொன்னா சிரிக்கறாரு. வண்டியை வித்துடலாம்னா ஆளே ஒடிஞ்சு போயிடுவாரு. வேகம் மட்டும் குறையற மாதிரி ஏதாவது பண்ணுங்க’ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.”

மாப்பிள்ளையின் குரல் இறங்கியது. “அதுக்காக...”

“சின்ன ஹெட்டுல வால்வு சின்னது. எவ்வளவு மிதிச்சாலும் இன்ஜினுக்கு அதுக்கு மேல காத்து கிடைக்காது. நிதானமா ஓடும், பறக்காது. ஏத்த மாதிரி ஹெட்டுக்கு அடியில வைக்கிற கேஸ்கட் தகடும் தடிமனா போட்டிருக்கேன், இன்ஜினுக்கு ஒரு கெடுதலும் வராது. என்னை என்ன வேணா திட்டுங்க தம்பி, மாமா காதுக்கு மட்டும் போக வேண்டாம். அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

மாப்பிள்ளைக்கு முகம் சிறுத்துப் போனது. “மன்னிச்சிடுங்கண்ணே” என்றவர், வெளியே வந்து அங்கே நின்றவர்களிடமும், “நான்தான் தப்பாப் பேசிட்டேன்” என்று சொல்லிவிட்டே கிளம்பினார்.

வீட்டு வாசலில் மாமனார் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பானட்டைத் திறந்தீங்க, அப்படியே பறந்தீங்க. எங்க மாப்பிள, ஒர்க்‌ஷாப்புக்கா?”

“சும்மா... ஆயில் எப்ப மாத்தணும்னு கேக்கலாம்னு...”

மாமனார் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஹெட் விஷயம்தானே?”

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மாமா, உங்களுக்கு எப்படி...”

“இத்தனை வருஷமா ஓட்டறேன், என் வண்டி மூச்சு எனக்குத் தெரியாதா? இன்ஜின் கட்டி வந்த அன்னைக்கு, முதல் மேட்டுலயே பிடிபட்டுப் போச்சு. அப்படியே திருப்பிக்கிட்டுப் போய் மெக்கானிக் சட்டையைப் பிடிக்கணும்னுதான் வண்டியை ஓரங்கட்டினேன்.”

“அப்புறம் ஏன் மாமா சும்மா விட்டீங்க?”

மாமனார் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷமும் என் வண்டியில கதவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்தவ, அன்னைக்கு அசந்து தூங்கிக்கிட்டிருந்தா, மாப்பிள.”