ஏற்றுமதி மாடல்

ஜாக்கியில் கார் ஒரு சாண் எழும்புவதற்குள் குபாத் ஓடி வந்துவிட்டான்.

"எதுக்குண்ணே கையை அழுக்காக்கிக்கறீங்க? விடுங்க, நாளைக்கு நான் பாத்துக்கறேன்."

"மூணு வருஷமா நீதான பாக்கற?" என்றார் ஜெக்ஷென்பெக். ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

தலாஸ் ஆற்றங்கரை அடுக்ககத்துக்கு அவர்தான் தலைவர். பால்கனியில் கம்பளம் உதறக் கூடாது, முற்றத்தில் சீட்டாடக் கூடாது, படிக்கட்டில் நின்று பேசக் கூடாது என்பதெல்லாம் அவர் போட்ட சட்டம். தன் மனைவி புருல்சா யார் வீட்டில் தேநீர் குடிக்கலாம் என்பதும் அதில் சேர்த்திதான்.

அவருடைய கார், ஜெர்மனியில் யாரோ ஓட்டி அலுத்து அனுப்பியது. பிரேக்கை மிதித்தால் முன் சக்கரம் கத்தும். பாலத்துத் திருப்பத்தில் அவர் மிதிப்பது மேல்மாடி வரை கேட்கும்.

அதையும் அவர் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். போன வாரம் ஒரு துக்க வீட்டில் முல்லா கையேந்தி ஓதத் தொடங்கிய நேரம் பார்த்து இவர் வாசலில் பிரேக் போட்டார். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கட்டியிருந்த குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

ஆகவே இன்று, தன் கையாலேயே. மெக்கானிக்குகள் எல்லாரும் திருடர்கள் என்பது அவர் கட்சி. பிரேக் பேட் மாற்றுவதைக்கூட டாக்ஸி ஓட்டும் குபாத்திடம்தான் கொடுப்பார். அவன் ஒருநாளும் கூலி வாங்கியதில்லை. அவ்வளவு மரியாதை.

குபாத்தின் குரல் கேட்டு உடற்பயிற்சி ஆசிரியர் மெதெத் வந்தார். சக்கரத்தைக் கழற்றினால் அது பழையபடி உட்காராது என்றார். தரைத்தளத்துப் பெண் வந்து, குளிருக்கு எல்லா வண்டியும் இப்படித்தான் கத்தும் என்றாள். வெயிலில் அவள் நெற்றி வியர்த்திருந்தது.

புருல்சா தேநீர் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடித்ததும் இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். ரொட்டி எடுத்து வரவா என்று கேட்டாள். கொஞ்சம் படுத்து எழுந்து செய்யலாமே என்றாள்.

ஒரு சக்கரத்துக்காக இத்தனை பேர். ஜெக்ஷென்பெக்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சக்கரம் வந்தது. இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, பேடைக் கவ்வியிருந்த காலிப்பரை மேலே தூக்கினார். பேடை உருவினார். தேயவே இல்லை, தடிமனாக இருந்தது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் மட்டும் வட்டமாக ஒரு கீறல்.

பேடின் விளிம்பில் ஏதோ மின்னியது.

ஒரு தகட்டுத் துண்டு. விளிம்பில் இறுகச் செருகி, மிதித்தால் டிஸ்க்கில் உரசும்படி நாக்கு போல வளைத்துவிடப்பட்டிருந்தது. நல்ல கைவேலை. கரியைத் துடைத்தார். பாதி யானை தெரிந்தது.

பேடைக் குபாத் முன்னால் நீட்டினார்.

"என்ன குபாத் இது?"

குபாத் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"கம்பெனியிலயே வர்றதுண்ணே."

"யானையா?"

"ஏற்றுமதி மாடல்."

மெதெத் ஆமோதித்துத் தலையாட்டினார். தரைத்தளத்துப் பெண், தன் தம்பி காரில் ஒட்டகம் இருந்ததாகச் சொன்னாள்.

வீட்டில் தேயிலை கொட்டிவைக்கும் யானைப் படம் போட்ட டப்பா கொஞ்ச காலமாக மூடியில்லாமல் இருப்பது ஜெக்ஷென்பெக்குக்குத் தெரியாது. அவர் சமையலறைக்குள் போவதில்லை.

"எந்த மாடலா இருந்தா எனக்கென்ன?" என்று குறட்டால் பிடுங்கிப் புல்லில் எறிந்தார். பேடைச் சொருகினார், சக்கரத்தை மாட்டினார், பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தார். பாலம் வரை ஓட்டிப் பார்த்து வருவதாகக் கிளம்பினார்.

பாலத்தில் மிதித்தார். கார் வழுக்கினாற்போல் நின்றது. ஆற்றுத் தண்ணீர் ஓடுவது காதில் விழுந்தது. தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டார்.

திரும்பி வந்து முற்றத்தின் வாயிலில் காரை நிறுத்தினார். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சத்தம் வந்தால்தானே பார்ப்பார்கள்.

முற்றத்தின் நடுவில் மெதெத் நின்றிருந்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, நாலடி இப்படியும் நாலடி அப்படியும் நடந்தார். தன் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்திருப்பதால் ஜெக்ஷென்பெக்குக்கு அந்த நடை உடனே புரிந்துவிட்டது.

"யானையா?" என்று அதட்டினார் மெதெத்.

குபாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சீட்டுக்கட்டு விரிந்து கிடந்தது. பால்கனிகளில் கம்பளங்கள் தொங்கின.

இரண்டாம் மாடி ஜன்னலில் புருல்சா பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படி இல்ல, மெதெத்," என்று கத்தினாள். "மூக்கை இன்னும் தூக்கணும்."

மெதெத் தூக்கினார்.

"இன்னும்."

காருக்குள் ஜெக்ஷென்பெக்கின் கை கதவுப்பிடிக்குப் போனது. இறங்கினால் போதும். இப்படிக் கையும் களவுமாகப் பிடிக்கும் நேரம் எந்தத் தலைவனுக்கும் வாய்க்காது.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். புருல்சா சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

அவள் சிரிப்பதை எப்போது கடைசியாகக் கேட்டோம் என்று யோசித்தார். கேட்டதாக நினைவில்லை.

ரிவர்ஸ் போட்டார். கார் பூனைபோல் பின்னால் நகர்ந்து சாலைக்குப் போனது. பாலத்துத் திருப்பம் வரை போய், அங்கே நின்று ஹாரனை அழுத்தினார். நீளமாக. கம்பளம் சுருட்ட எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியாது. கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தார்.

அவர் உள்ளே வந்தபோது எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது.

"பிரேக் சத்தமே கேக்கலையேண்ணே," என்றான் குபாத், முகம் வெளுத்து. "எதுக்கு ஹாரன்?"

"இனிமே அடிச்சுட்டுத்தான் வருவேன்," என்றார் ஜெக்ஷென்பெக். "பிள்ளைங்க விளையாடற இடம்."

முற்றத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை.