தங்கவயல் ஃபோல்டர்

"கல்யாண போட்டோ, குழந்தை போட்டோவையெல்லாம் பப்ளிக் ஃபோல்டர்ல போடுங்க. ஹால் டிவில எல்லாரும் பாக்கட்டும்," என்றாள் ஷோபா.

"தங்கவயல்னு ஒண்ணு இருக்கே, மேடம்?" என்று கேட்டான், மல்லேஸ்வரம் வீட்டில் சர்வர் மாட்ட வந்திருந்த மதியழகன்.

"அதுக்கு பாஸ்வேர்ட் போட்டுடுங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

ஷோபாவின் மாமியார் அவனிடம் பேப்பர் கப்பில் காப்பியை நீட்டினார். வீட்டுக்காரர்களுக்கு எவர்சில்வர் டம்ளர்.

"பாவம்ப்பா, அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்கன்னு யாருமே இல்லாத பொண்ணு. பழசைப் பாத்தா அழுகை வரும்னு பூட்டி வைக்கறா."

மதியழகன் தலையாட்டினான். ஃபோல்டரைத் திறந்ததும் முதல் படம் வந்து நின்றது. தங்கவயல் சுரங்கக் காலனி வாசலில் பத்து வயது மதியழகன். அவன் தோள்மேல், முன்பல் விழுந்த வாயோடு சிரிக்கும் தங்கச்சி ஷோபா.

படத்தை மூடிவிட்டு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். அவன் முகத்தைப் பார்க்காமலே அவள் பாஸ்வேர்டை அடித்தாள்.

"ஆச்சு மேடம். இனிமே யாரும் உள்ள வர முடியாது," என்று எழுந்தான். "நானும்தான்."