கடைசி வாசகத்துக்குப் பிறகு

மாமனிதர்கள் சும்மா சாவதில்லை. ஒரு வாசகம் சொல்லிவிட்டுத்தான் சாகிறார்கள்.

அந்த எழுத்தாளரும் சொல்லிவிட்டார். சாகத்தான் இல்லை.

அது செவ்வாய்க்கிழமை. மருத்துவரும் லண்டன் பத்திரிகைக்காரர் ஒருவரும் கட்டிலருகே நிற்க, குரல் நடுங்காமல் சொன்னார்.

"திரை விழட்டும். நான் எழுதிய மன்னர்கள் எனக்காக எழுந்து நிற்கிறார்கள். இங்கிலாந்தே, விடைகொடு."

கண்ணை மூடிக்கொண்டார். பத்திரிகைக்காரர் தலை குனிந்தார். மருத்துவர் நாடி பார்த்தார்.

நாடி நன்றாகவே இருந்தது.

இன்றோடு பதினோரு நாள். பத்திரிகையில் இரங்கல் செய்தி அச்சுக்கோத்துத் தயார். தேதி மட்டும் பாக்கி.

அதன் பிறகு அவர் வாய் திறக்கவே இல்லை. திறந்தால் அதுவல்லவா கடைசி வாசகமாகிவிடும்.

கஞ்சி வேண்டுமென்றால் கண் சிமிட்டினார். போதுமென்றால் விரலை அசைத்தார். எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டதற்குச் சுவரைப் பார்த்தார்.

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. நாற்பத்தோரு வருட மனைவி. பன்னிரண்டு நாடகம், ஏழு நாவல், நான்கு பாகத்தில் இங்கிலாந்து வரலாறு. எல்லாம் அவள் தட்டச்சு செய்தவை. அந்த வரலாற்றில் ஒரு மன்னனும் பேசாமல் செத்ததில்லை. தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தவனுக்கும் இரண்டு வரி கொடுத்திருந்தார்.

"அதைக் கேக்க அவன் பக்கத்துல யார் இருந்தா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நான்" என்றார்.

மன்னர்களுக்கு அத்தனை பேச்சு. புத்தகச் சமர்ப்பணங்கள் பிரபுக்களுக்குப் போயின. போகிற நேரத்திலாவது தன்னிடம் ஒரு வார்த்தை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

"பேசினா என்ன, கிரீடமா கழண்டு விழுந்துடும்? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா."

அவர் உதடு அசைந்தது.

பிறகு இறுகிக்கொண்டது.

பதினோரு நாளும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் மூன்று மணி. வெளியே நசநசவென்று மழை. மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"வின்னி."

அவள் குனிந்தாள். அவர் வாயால் தன் பெயரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"கால் சில்லுன்னு இருக்கு."

சொன்ன மறுகணம் அவர் கண்ணில் திகில். சாவைப் பார்த்து அல்ல. தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு. அவசர அவசரமாக மூச்சைத் திரட்டினார்.

"திரை விழட்டும். நான் எழுதிய மன்னர்கள்"

அவ்வளவுதான்.

மிச்சத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பழக்கம்.

பிறகு கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள்.

ஒரு காலில்தான் காலுறை இருந்தது.