மனமானி

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் பாடச் சொல்வதில்லை. ஒரு படக்காட்சியைப் போட்டு, அதில் வரும் பெண்ணின் மனதை அலசச் சொல்கிறார்கள். சொல்பவளின் மனதை மேஜைமேல் இருக்கும் மனமானி என்ற கருவி அலசிவிடும். சிவப்பு எரிந்தால் மனதில் கோளாறு என்று வரன் தட்டிப்போகும். சுடர்விழிக்கு இரண்டு வரன்கள் அப்படித்தான் போயின.

அவள் திரையைப் பார்த்தாள். போன இரண்டு முறையும் வந்த அதே மாலதி, கணவன் ஊருக்குப் போனதும் என்ன சமைப்பதென்றுகூடத் தெரியாமல் அடுப்பின் முன் நின்று அழுதாள்.

“இவளைப் பத்தி என்னம்மா நினைக்கறே?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“இவங்களுக்குன்னு ஒரு மனசே இல்லைங்க. சின்ன வயசுல இவங்க ஆசையை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. இது ஆளுமைக் கோளாறு.”

சுடர்விழியின் அம்மா உருப்போட வைத்த பதிலில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. பச்சை எரிந்தது. கதவோரம் நின்ற அம்மா மூச்சு விட்டாள்.

“அடேயப்பா, டாக்டருங்க தோத்தாங்க போங்க!” என்று சிரித்த மாப்பிள்ளை குணாளன், கொஞ்சம் தயங்கிக் கேட்டான்: “கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போறீங்களா? உங்க இஷ்டம் என்ன?”

இதை யாரும் சொல்லித்தரவில்லை. சுடர்விழி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். மனமானியை இன்னும் யாரும் அணைத்திருக்கவில்லை.